மறதிக்கு முன்பே தொடங்கும் மறதி நோய்

“அம்மாவுக்கு மறதி நோய். அப்படியென்றால் எனக்கும் வருமா?”

தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஆனாலும் சரி, மருத்துவ முகாம் ஆனாலும் சரி, மறதி நோயைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர். பகலில் வேலை, இரவில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேட நேரும்போதெல்லாம் அவர் மனத்தில் ஓர் அச்சம் எட்டிப் பார்க்கிறது.

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் இன்று தரும் விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. மிகப் பெரும்பாலோருக்கு அது ஆறுதலான விடை. மிகச் சில குடும்பங்களுக்கு அது கடுமையான விடை. ஆனால், அந்தச் சில குடும்பங்கள் முன்வந்து தங்கள் இரத்தத்தையும் முதுகுத் தண்டு நீரையும் மூளைப் படங்களையும் ஆய்வுக்குக் கொடுத்ததால்தான், இந்நோய் உண்மையில் எப்போது தொடங்குகிறது என்பது தெரியவந்தது. மறதி என்பது இந்நோயின் தொடக்கம் அன்று. மூளைக்குள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓசையின்றி நடந்துவரும் மாற்றம் வெளியே தெரியும் கட்டமே மறதி. அக்குடும்பங்கள் உலகுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

மூளையில் கண்ட இரண்டு தடயங்கள்

மறதி நோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. பல காரணங்களால் மூளையின் ஆற்றல் குறைந்துபோகும் நிலைக்கு அது பொதுப்பெயர். அவற்றில் அதிகமானோரைத் தாக்குவது அல்ஸைமர் நோய்.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவமனை ஒன்றில் அகஸ்டா டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். நினைவு தடுமாறியது, கணவர்மேல் காரணமற்ற சந்தேகம் இருந்தது. அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர், 1906-இல் அப்பெண் இறந்த பிறகு அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், நரம்பணுக்களுக்கு உள்ளே சிக்கலான நூல்கண்டு போன்ற முடிச்சுகளும் காணப்பட்டன. வெளியே படிவது அமிலாய்டு என்ற புரதம் என்பதும், உள்ளே முடிச்சுப் போடுவது டாவ் என்ற புரதம் என்பதும் பல பத்தாண்டுகளுக்குப் பின் உறுதியாயின.

இவ்விரண்டு தடயங்களையும் பல காலம் பிணப் பரிசோதனையில் மட்டுமே பார்க்க முடிந்தது. இடையில் என்ன நடந்தது, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை அறிய வழியில்லாமல் இருந்தது. வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலைப் பார்த்துத் தீ எங்கே பிடித்தது என்று சொல்வதைப் போன்ற நிலை அது.

யாருக்கு இது பரம்பரை நோய்?

பெற்றோர் வழியே ஒரே ஒரு மரபணுவின் பிழையால் நேரடியாக இறங்கி வரும் அல்ஸைமர் நோய் மிகவும் அரிது. அல்ஸைமர் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே இந்த வகையைச் சேர்ந்தவர்கள். இவ்வகை நோய் பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் தலைகாட்டிவிடும். தாத்தா, தந்தை, மகன் என்று தலைமுறை விடாமல் வரும்.

இதற்குக் காரணமான மரபணுக்கள் மூன்று. 21-ஆவது குரோமோசோமில் உள்ள அமிலாய்டு முன்னோடிப் புரத மரபணு ஒன்று. 14-ஆவது குரோமோசோமில் உள்ள பிரெசெனிலின் 1 மற்றொன்று. முதலாவது குரோமோசோமில் உள்ள பிரெசெனிலின் 2 மூன்றாவது. இம்மூன்றில் ஒன்றில் பிழை இருந்தால், மூளையில் பசை போல ஒட்டக்கூடிய அமிலாய்டு வழக்கத்துக்கு மாறாக உருவாகிச் சேர்கிறது.

இந்தப் பிழை உள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. நாணயத்தைச் சுண்டிவிடுவதைப் போன்றது. அண்ணனுக்கு வந்துவிட்டதால் தம்பிக்கு வராது என்பதில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. பிழை வராத பிள்ளையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அது செல்லாது. பிழை வந்தவருக்கோ நோய் ஏறத்தாழ உறுதி.

எழுபது, எண்பது வயதில் வரும் வழக்கமான அல்ஸைமர் நோய் இப்படிப்பட்டதன்று. அதில் ஏப்போஈ 4 போன்ற மரபணு வகைகள் ஆபத்தைக் கூட்டுகின்றனவே தவிர, நோயை உறுதிசெய்வதில்லை. அந்த வகையைப் பெற்றும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. அந்த வகை இல்லாமலே நோய்க்கு ஆளானவர்களும் உண்டு.

ஒரு கடிதம் திறந்த கதவு

முதல் மரபணுவைக் கண்டுபிடிக்க வழிவகுத்தது ஒரு கடிதம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியை கேரல் ஜென்னிங்ஸின் தந்தைக்கும் தந்தையுடன் பிறந்தவர்கள் சிலருக்கும் ஐம்பதுகளிலேயே அல்ஸைமர் நோய் வந்தது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று எண்ணிய அவர், 1986-இல் லண்டன் ஆய்வாளர்களுக்கு எழுதினார். ஜான் ஹார்டி தலைமையிலான குழு அக்குடும்பத்தாரின் இரத்தத்தை ஆராய்ந்து, அமிலாய்டு முன்னோடிப் புரத மரபணுவில் இருந்த பிழையை 1991-இல் உலகுக்கு அறிவித்தது. பிரெசெனிலின் மரபணுக்கள் இரண்டும் 1995-இல் கண்டறியப்பட்டன.

கேரல் தமக்கு அந்தப் பிழை உள்ளதா என்று பரிசோதித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆனால், ஆய்வுக்கு ஒத்துழைப்பதை ஒருபோதும் நிறுத்தவில்லை. பின்னர் அவரையும் அதே நோய் பற்றியது. 2024-இல் மறைந்த அவர், தம் மூளையையும் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்.

ஆண்டியோக்கியா மலைக் குடும்பங்கள்

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், மெடெயின் நகரைச் சூழ்ந்த ஆண்டியோக்கியா மலைப் பகுதியில் இந்த நோய் உள்ள உலகின் மிகப் பெரிய உறவுக் கூட்டம் வாழ்கிறது. நாற்பது வயதைத் தாண்டியதும் மறதி வருவதை அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்தனர். ‘லா போபெரா’, அதாவது மந்தபுத்தி, என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தனர். சாபம் என்றும் சூனியம் என்றும் நம்பியவர்கள் பலர்.

1980-களில் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோப்பேராவிடம் நாற்பதுகளில் இருந்த ஒருவர் மறதியுடன் அழைத்துவரப்பட்டார். அவரது தந்தைக்கும் தாத்தாவுக்கும் இதே நிலைதான் என்று தெரிந்ததும் லோப்பேராவும் அவருடன் பணியாற்றிய தாதியரும் ஊர் ஊராகச் சென்றனர். தேவாலயப் பதிவேடுகளில் திருமணங்களையும் பிறப்பு இறப்புகளையும் தேடி எடுத்து, ஒரு பெரிய வம்சாவளியையே வரைந்தனர். 1990-களின் நடுப்பகுதியில் விடை கிடைத்தது. பிரெசெனிலின் 1 புரதத்தின் 280-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட அந்த உறவுக் கூட்டத்தில் சுமார் 1,200 பேருக்கு இந்தப் பிழை உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்குச் சராசரியாக 44 வயதில் நினைவு தடுமாறத் தொடங்குகிறது. 49 வயதில் அது முழுமையான மறதி நோயாகிறது.

லோப்பேரா 2024-இல் காலமானார். இறந்தவர்களின் மூளையை ஆய்வுக்குத் தருமாறு துக்க வீட்டிலேயே குடும்பத்தாரிடம் கேட்க வேண்டிய கடினமான பணியை அவரது குழு பல்லாண்டுகள் செய்தது. ஆண்டியோக்கியா பல்கலைக்கழகத்தின் மூளை வங்கியில் நூற்றுக்கணக்கான மூளைகள் இன்று பாதுகாக்கப்படுகின்றன என்றால், அக்குடும்பங்கள் வைத்த நம்பிக்கையே அதற்குக் காரணம்.

பெற்றோர் வயதே ஒரு கடிகாரம்

இத்தகைய குடும்பங்கள் ஆய்வாளர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? வழக்கமான மறதி நோய் யாருக்கு வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பரம்பரை வகையிலோ, பிழை உள்ளவருக்கு அவரது பெற்றோருக்கு வந்த வயதை ஒட்டியே நோய் வருகிறது. தந்தைக்கு 45 வயதில் தொடங்கியிருந்தால், இப்போது 30 வயதாகும் மகனுக்கு இன்னும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்கிடலாம். நோய்க்கு முந்தைய மூளையை உயிருடன் உள்ளவரிடமே காண இது வழிசெய்கிறது.

இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமையில், டயன் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அனைத்துலக ஆய்வு 2008-இல் தொடங்கியது. பேராசிரியர் ரேண்டல் பேட்மனும் அவரது சகாக்களும் 128 பேரிடம் செய்த சோதனைகளின் முடிவு 2012-இல் வெளியானபோது, மறதி நோயின் கால அட்டவணை முதன்முறையாகத் தெளிவாகக் கிடைத்தது.

நோய் 45 வயதில் வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் அந்த அட்டவணை இவ்வாறு அமையும். 20 வயதில், அதாவது 25 ஆண்டுகளுக்கு முன்பே, முதுகுத் தண்டு நீரில் அமிலாய்டின் அளவு குறையத் தொடங்குகிறது. 30 வயதில் மூளையில் அமிலாய்டு படிவது பெட் ஸ்கேன் படத்தில் தெரிகிறது. தண்டு நீரில் டாவ் அளவு உயர்கிறது. நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதி மெல்லச் சுருங்குகிறது. 35 வயதில் மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் வேகம் குறைகிறது. நுட்பமான நினைவுச் சோதனைகளில் மட்டும் சிறு தடுமாற்றம் தென்படுகிறது. 40 வயதில்தான் பொதுவான அறிவாற்றல் சோதனைகளில் குறை தெரிகிறது. வீட்டில் உள்ளவர்கள் ‘ஏதோ சரியில்லை’ என்று உணர்வது அதற்கும் பிறகே.

இருபது வயதில் அந்த இளைஞர் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார். தேர்விலும் நன்றாகவே எழுதுவார். ஆனால், மூளைக்குள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டிருக்கும்.

உயிரியல் குறியீடு என்றால் என்ன?

நீரிழிவு நோய் இருப்பதை அறிய, காலில் புண் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். உடலுக்குள் நடப்பதை வெளியே காட்டிக்கொடுக்கும் இத்தகைய அளவீடுகளையே உயிரியல் குறியீடுகள் என்கிறார்கள். மறதி நோய்க்கும் இப்போது அப்படிப்பட்ட குறியீடுகள் கிடைத்துள்ளன.

மூளையில் அமிலாய்டு கூடும்போது தண்டு நீரில் அது ஏன் குறைகிறது என்று சிலருக்குக் குழப்பம் ஏற்படலாம். வடிகாலுக்குள் சேறு படியத் தொடங்கினால் மறுமுனையில் வெளியேறும் சேறு குறையும் அல்லவா? அதுபோலத்தான். மூளையில் ஒட்டிக்கொள்ளும் அமிலாய்டு வெளியே வருவதில்லை.

தண்டு நீரை எடுக்க முதுகில் ஊசி குத்த வேண்டும். பெட் ஸ்கேன் செய்யச் செலவு அதிகம். எனவே, இரத்தத்திலேயே குறியீட்டைத் தேடும் முயற்சி நடந்தது. நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் அவற்றில் ஒன்று. டயன் ஆய்வில் பங்கேற்றவர்களில், பிழை உள்ளவர்களின் இரத்தத்தில் இப்புரதம் உயரும் வேகம் அறிகுறிகளுக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே மாறுபடத் தொடங்குவது 2019-இல் வெளியிடப்பட்டது. ஆனால், நரம்பு எதனால் சிதைந்தாலும் இது கூடும் என்பதால் அல்ஸைமர் நோயை மட்டும் இது தனியே சுட்டாது.

பி-டாவ் 217 என்ற குறியீடு அப்படியன்று. அது அல்ஸைமர் நோயை மிகவும் நெருக்கமாகச் சுட்டுகிறது. கொலம்பியக் குடும்பங்களில் பிழை உள்ளவர்களிடம் 25 வயதளவிலேயே, அதாவது மறதி தலைகாட்ட ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே, இரத்தத்தில் அது உயர்ந்திருப்பது 2020-இல் தெரியவந்தது. பி-டாவ் 217-ஐயும் அமிலாய்டையும் ஒப்பிடும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் அனுமதி வழங்கியது. எனினும், 55 வயதைக் கடந்து, நினைவுக் குறைபாட்டின் அறிகுறிகளுடன் மருத்துவரை நாடுவோருக்கே அந்த அனுமதி. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் ஆர்வத்தால் செய்துகொள்வதற்கானது அன்று.

விதியை வென்ற பெண்மணி

பிழை இருந்தால் நோய் உறுதி என்ற விதிக்கும் விலக்கு கிடைத்தது. கொலம்பியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு நாற்பதுகளில் வர வேண்டிய மறதி எழுபது வயதைத் தாண்டும்வரை வரவில்லை. 2019-இல் வெளியான ஆய்வு, அவர் மூளையில் அமிலாய்டு மிக அதிகமாகப் படிந்திருந்தும் டாவ் முடிச்சுகள் மிகக் குறைவாகவே இருந்ததைக் காட்டியது. ஏப்போஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவர் பெற்றிருந்தார். அதே வகையை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற 27 உறவினர்களுக்கும் நோய் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தாமதமாகவே வந்தது என்பது 2024-இல் தெரியவந்தது.

அமிலாய்டு தீயை மூட்டினாலும் நினைவை எரிப்பது டாவ்தான் என்றும், இரண்டுக்கும் இடையே தடுப்புச் சுவர் எழுப்ப முடியும் என்றும் இந்தப் பெண்மணியின் மூளை உணர்த்தியது. அந்தச் சுவரை மருந்தாகச் செய்ய முடியுமா என்பதே இப்போதைய தேடல்.

மருந்து முயற்சிகளின் நிலை

அறிகுறி வருவதற்கு முன்பே அமிலாய்டை அகற்றினால் நோயைத் தடுக்கலாமா? கொலம்பியாவில் 252 பேர் பங்கேற்ற கிரெனிசுமாப் மருந்துச் சோதனை 2013-இல் தொடங்கியது. பிழை உள்ளவர் யார் என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, பிழை இல்லாத 83 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு மருந்தில்லாத ஊசியே போடப்பட்டது. இருந்தும் ஆண்டுக்கணக்கில் தவறாமல் வந்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது, மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

டயன் குழு 2012-இல் தொடங்கிய சோதனையிலும் மருந்துகள் நினைவாற்றலைக் காக்கவில்லை என்றே 2020-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், அவற்றில் ஒன்றான கான்டெனெருமாப் மருந்தைச் சிலர் தொடர்ந்து பெற்றுவந்தனர். அறிகுறியில்லாத நிலையில் தொடங்கி, சராசரியாக எட்டு ஆண்டுகள் அதைப் பெற்ற 22 பேரிடம் நோய் தலைகாட்டும் ஆபத்து பாதியாகக் குறைந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆயினும், சீக்கிரம் தொடங்கினால் காலத்தை வாங்க முடியும் என்பதற்கு இது முதல் நம்பிக்கை.

தெரிந்துகொள்வதா, வேண்டாமா?

பரிசோதனை செய்தால் விடை தெரியும். அந்த விடையைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. முழுமையாகத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லாத நிலையில், இத்தகைய குடும்பங்களில் பலர் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றே முடிவெடுக்கிறார்கள். வேறு சிலர் திருமணம், பிள்ளைப்பேறு, வேலை ஆகியவற்றைத் திட்டமிடத் தெரிந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். இரண்டுமே நியாயமான முடிவுகள். மரபணு ஆலோசகரிடம் பேசாமல் பரிசோதனைக்குச் செல்லக் கூடாது என்பதும், வயதுக்கு வராத பிள்ளைகளைப் பரிசோதிக்கக் கூடாது என்பதும் இதில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் நெறிகள்.

வீட்டில் எழும் கேள்விக்கு விடை

“எனக்கும் வருமா?” என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பெற்றோருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதைத்தான். எழுபது, எண்பது வயதில் வந்திருந்தால் அது பெரும்பாலும் ஒற்றை மரபணுவால் வந்த நோயாக இருக்காது. பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடுதல் என்றாலும் அது தலையெழுத்தன்று. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் அறுபது வயதுக்கு முன்பே, அடுத்தடுத்த தலைமுறைகளில் வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் அந்த விவரத்தைச் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது.

மற்ற அனைவருக்கும் கையில் உள்ள வழிகள் எளியவை. உலக மறதி நோயாளிகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் தெரிவித்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடற்பயிற்சி இன்மை, சரிசெய்யப்படாத காது மந்தம், பார்வைக் குறை, மன அழுத்தம், தனிமை ஆகியவை அது பட்டியலிட்ட 14 காரணங்களில் அடங்கும். இவற்றில் பலவற்றை நாற்பது, ஐம்பது வயதிலேயே கவனிக்க வேண்டும் என்பதையும் ஆணையம் வலியுறுத்துகிறது.

இருபது ஆண்டுகள் முன்பே நோய் தொடங்குகிறது என்பது கேட்க அச்சமூட்டும் செய்தி. ஆனால், அதே செய்தியின் மறுபக்கம், தடுத்து நிறுத்த இருபது ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பது. அந்த அவகாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் தங்களுக்குப் பலன் கிடைக்காது என்று தெரிந்தும் கை நீட்டி இரத்தம் கொடுத்த கொலம்பிய விவசாயிகளும், ஓர் ஆங்கிலேய ஆசிரியையும், அவர்களைப் போன்ற உலகெங்கும் உள்ள குடும்பங்களும்தான்.